செல்தோவிச்சும் ஆதி அண்டமும்: பொருள்முதல்வாத வாசிப்பு ஒன்றினை நோக்கி

மார்க்சிய இலக்கிய விமர்சனத்தின் வரலாற்றை அறிந்தோருக்கு அந்திரேய் ஷ்தானோவின் பெயர் புதியதன்று. 1934 ஆம் ஆண்டின் சோவியத் எழுத்தாளர் மாநாட்டிலே சோசலிச யதார்த்தவாதத்துக்கு உத்தியோகபூர்வமான விளக்கம் தந்தவரும், 1946 இல் அன்னா அக்மாத்தவாவையும் மிக்கயில் சோஷ்சென்கோவையும் கண்டனத்துக்கு உள்ளாக்கியவரும் அவரே. எமது முற்போக்கு இலக்கிய விவாதங்களிலும் அவரது நிழல் நெடுங்காலம் படிந்திருந்தது. ஆயின் 1947 யூன் மாதத்தில் சோவியத் மெய்யியலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையிலே அவர் அண்டவியலுக்கும் தீர்ப்பு வழங்கினார் என்பது எம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. ஐன்ஸ்டைனைப் பின்பற்றுவோர் சிலர் அண்டத்தின் வரையறுக்கப்பட்ட ஒரு பகுதிக்குரிய முடிவுகளை எல்லையற்ற அண்டம் முழுமைக்கும் ஏற்றி, உலகின் வயதையே கணிக்கத் துணிகின்றனர் என்பதும், இது சமயவாதத்தின் கையில் புதிய ஆயுதங்களைக் கொடுக்கின்றது என்பதும் அவரது குற்றச்சாட்டின் சாரமாகும்.

இதன் விளைவு சிறிதன்று. அண்டம் விரியக்கூடியது என்பதற்கான சமன்பாட்டுத் தீர்வுகளை 1922 இலும் 1924 இலும் முதன்முதலாக வெளியிட்டவர் பெத்ரோகிராத் நகரத்து அலெக்சாந்தர் பிரீட்மன். 1925 இல், முப்பத்தேழாவது வயதில், தைபோயிட்டுக் காய்ச்சலால் அவர் மறைந்தார். அவருடைய நாட்டிலேயே அவருடைய பெயரை உரக்கச் சொல்லுவது சங்கடமான காரியமாகிவிட்டது. ஏறத்தாழப் பத்தாண்டு காலம் சோவியத் அண்டவியல் ஒடுங்கிக் கிடந்தது.

மறுபுறத்தே, 1951 நவெம்பர் 22 இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பியஸ், விரியும் அண்டம் பற்றிய கொள்கையை ஆதியாகமப் படைப்புக்குச் சான்றாக எடுத்துக்கொண்டு உரையாற்றினார். (அக்கொள்கையின் மூலகர்த்தாக்களுள் ஒருவரும் கத்தோலிக்கக் குருவானவருமான ஜோர்ஜ் லெமேத்ர் இதனை விரும்பவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.) இவ்விரு உரைகளையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படுகின்றது. பாப்பரசர் வாழ்த்தினார், ஷ்தானோவ் வைதார், ஆனால் இருவரது வாசிப்பு முறையும் ஒன்றே. கொள்கை எதனை அறிந்துகொண்டது என்று இருவரும் கேட்கவில்லை. அது யாருக்குப் பயன்படும் என்றே கேட்டனர். ஒரு நாவலை அதன் உள்ளியக்கத்தால் அன்றி, அதிலிருந்து பிறர் எடுத்துக்கொள்ளக்கூடிய முடிவினால் எடைபோடும் விமர்சனத்தை நாம் நன்கு அறிவோம். அதே முறை இங்கு அண்டத்தின்மீது பிரயோகிக்கப்பட்டது. இலக்கிய ஆய்வுக்கு முதன்மை தரும் இதழொன்றில் யாக்கோவ் பொரிசொவிச் செல்தோவிச் என்னும் வானியற்பியலாளரைப் பற்றி எழுத நேர்வது இக்காரணத்தினாலேயே. அவருடைய ஆய்வு வாழ்வு மேற்கூறிய இரு வாசிப்புகளையும் செயலால் மறுத்து நிற்பது.

செல்தோவிச் 1914 மார்ச் 8 இல் மின்ஸ்க் நகரில், யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். தந்தை சட்டத்தரணி, தாய் பிரெஞ்சு இலக்கிய மொழிபெயர்ப்பாளர். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அவரிடம் இருக்கவில்லை. ஆய்வுகூட உதவியாளராகத் தொடங்கி, 1931 இல் நிக்கொலாய் செமெனோவின் இரசாயனப் பௌதிக நிறுவனத்திற் சேர்ந்து, 1939 இல் முனைவர் பட்டம் பெற்றார். எரிதலின்போது நைதரசன் எவ்வாறு ஒட்சியேற்றம் அடைகின்றது என்பதே அவரது ஆய்வுப் பொருள். வாகனப் புகையின் நச்சுத்தன்மையை ஆராய்வோர் இன்றும் அவர் பெயரால் வழங்கும் அப்பொறிமுறையைக் கையாளுகின்றனர். எரிதல், வெடித்தல், அதிர்ச்சியலை ஆகியவையே அவருடைய முதல் உலகம். 1939 இலும் 1940 இலும் யூலி கரித்தோனுடன் இணைந்து யுரேனியக் கருப்பிளவின் தொடர்த்தாக்கம் பற்றிய கட்டுரைகளை எழுதினார். யுத்தகாலத்தில் ஏவுகணை எரிபொருள் பற்றிய ஆய்வு; அதன்பின் சாரொவ் நகரம்.

இவ்விடத்தே நாம் சற்றுத் தாமதித்தல் வேண்டும். அர்சமாஸ்-16 என்ற மறைபெயரால் வழங்கிய சாரொவ், தேசப்படத்திலிருந்து நீக்கப்பட்ட நகரம். அதன் கட்டடங்களை எழுப்பியோருள் சிறைக்கைதிகள் பெருந்தொகையினர். 1949 இல் வெடிக்கப்பட்ட முதற் சோவியத் அணுக்குண்டிலும், 1953 இலும் 1955 இலும் வெடிக்கப்பட்ட ஐதரசன் குண்டுகளிலும் செல்தோவிச்சின் பங்கு தலையாயது. சோசலிச உழைப்பு வீரர் என்னும் விருது அவருக்கு மூன்று முறை வழங்கப்பட்டது. 1960களின் நடுப்பகுதியிலேயே அவர் அவ்வேலையை விட்டு மொஸ்கோவின் பிரயோக கணித நிறுவனத்துக்கு வந்து, ஐம்பதாவது வயதையொட்டி அண்டவியலாளர் ஆனார்.

இம்மாற்றத்தைச் சிலர் மனந்திரும்பலாகவும் வேறு சிலர் ஓய்வுகாலப் பொழுதுபோக்காகவும் எழுதியுள்ளனர். இரண்டும் பொருந்தா. குண்டின் உள்ளே பல கோடி பாகை வெப்பநிலையில் நிகழ்வதும், ஆதி அண்டத்தில் நிகழ்ந்ததும் ஒரே பௌதிகத்துக்கு உட்பட்டவை: கதிர்ப்பும் சடப்பொருளும் ஒன்றையொன்று எவ்வாறு தாக்குகின்றன என்பதே இரண்டிலும் வினா. சூடான இலத்திரன்களுடன் மோதும் ஒளித்துணிக்கைகளின் சக்தி எவ்வாறு மாறும் என்பதைக் கூறும் கொம்பனேயெத்ஸ் சமன்பாடு இரகசிய ஆயுத ஆய்விற் பிறந்து, 1956 இலேயே பகிரங்கமாக அச்சேறியது. பதின்மூன்று ஆண்டுகளின் பின் செல்தோவிச்சும் அவருடைய மாணவர் ரஷீத் சுன்யாயெவும் அதே சமன்பாட்டைக் கொண்டு, அண்டமெங்கும் பரவிய நுண்ணலைக் கதிர்ப்பு விண்மீன்தொகுதிக் கூட்டங்களின் வெப்ப வாயுவினூடாகச் செல்லும்போது அடையும் மாற்றத்தைக் கணித்தனர். கதிர்ப்பின் நெட்டலைப் பகுதியில் அக்கூட்டம் ஒரு நிழல்போலத் தோன்றும் என்றனர். அவ்வேளையில் இதனை அளப்பதற்குரிய கருவி இருக்கவில்லை. 1980களில் அளவீடு உறுதிப்பட்டது. பின்னர் பிளாங்க் விண்கலம் இந்நிழல்களைக் கொண்டே ஆயிரத்துக்கு மேற்பட்ட கூட்டங்களைப் பட்டியலிட்டது.

உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சி அறிவின் வளர்ச்சியை நிர்ணயிக்கின்றது என்று பொதுப்படக் கூறுவது எளிது. அச்சக்தி பேரழிவுக் கருவியாக இருந்தபோதும் அது வழங்கிய அறிவு மெய்யறிவாகவே இருந்தது என்பதை ஏற்பது அவ்வளவு எளிதன்று. இதே சாரொவிலிருந்து வந்த அந்திரேய் சாகரோவும் 1960களில் அண்டவியலுக்கு அரிய பங்களிப்புச் செய்தார். எதிர்ச்சடப்பொருளை விடச் சடப்பொருள் மிகுந்திருப்பதற்கான நிபந்தனைகளை அவர் வகுத்தது 1967 இல். 1968 இல் அவர் பகிரங்கமாகப் பேசத் தொடங்கினார். செல்தோவிச் அவ்வழியிற் செல்லவில்லை. 1984 இலும் 1985 இலும் வெளிவந்த அவருடைய தேர்ந்த கட்டுரைத் தொகுதிகளில் அந்த ஆண்டுகள் ஏறக்குறைய மௌனத்தாலேயே கடக்கப்படுகின்றன. இரகசியக் காப்பு இதற்கு ஒரு காரணம் என்பது உண்மை. எனினும் கைதிகளின் உழைப்பைப் பற்றிய மௌனத்தை அக்காரணம் முழுமையாக மூடிவிடுவதாக எமக்குத் தோன்றவில்லை.

இனி, எமது நோக்கில் அவருடைய வாழ்வின் மிக முக்கியமான கட்டத்துக்கு வருவோம். 1962 இல் செல்தோவிச் முன்வைத்தது சூடான ஆதி அண்டத்தை அன்று. குளிர்ந்த ஆதி அண்டத்தையே. அவருடைய தருக்கம் தெளிவானது. ஜோர்ஜ் காமோவும் சகாக்களும் 1940களில் கூறியவாறு அண்டம் மிகுந்த வெப்பத்தில் தொடங்கியிருந்தால், முதற் சில நிமிடங்களிலேயே ஐதரசனின் கணிசமான பகுதி ஈலியமாக மாறியிருத்தல் வேண்டும். அன்று கிடைத்த அவதானங்களோ, பழைய விண்மீன்களில் ஈலியம் மிகக் குறைவு என்று காட்டுவனபோல் இருந்தன. எனவே அண்டம் குளிர்ந்த நிலையில், புரோத்தன், இலத்திரன், நியூத்திரினோ ஆகியவை சம அளவில் நெருங்கிய கலவையாகத் தொடங்கியது என்றும், நியூத்திரினோக்கள் சக்திப்படிகளை நிரப்பி நிற்பதால் நியூத்திரன் தோன்றுவது தடைப்பட்டுத் தூய ஐதரசனே எஞ்சியது என்றும் அவர் வாதித்தார். அழகான வாதம். அது பிழை.

அது பிழை என்பதற்கான சான்று அவருடைய கைக்கெட்டிய தூரத்திலேயே கிடந்தது. 1964 இல் அவருடைய வட்டத்தைச் சேர்ந்த அந்திரேய் தொரொஷ்கெவிச்சும் இகோர் நொவிக்கோவும், காமோவின் கருத்து சரியாயின் எஞ்சிய வெப்பக் கதிர்ப்பை நுண்ணலைப் பகுதியில் தேடலாம் என்று எழுதினர். அதற்கு ஏற்ற கருவி அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்து அன்ரெனாவே எனவும் சுட்டினர். அக்கருவியைப் பற்றி 1961 இல் ஈ. ஏ. ஓம் எழுதிய அறிக்கையையும் அவர்கள் படித்திருந்தனர். அதில் ‘வான வெப்பநிலை’ என்ற பொருள்படும் சொல் வளிமண்டலத்தின் பங்கை மாத்திரம் குறித்தது. மொஸ்கோவில் அது வானிலிருந்து வரும் அனைத்தையும் குறிப்பதாகக் கொள்ளப்பட்டது. அதிலிருந்து வளிமண்டலத்தின் பங்கைக் கழித்தபோது மீதி எதுவுமில்லை. செல்தோவிச்சும் இதனைச் சூடான மாதிரிக்கு எதிரான சான்றாகவே எடுத்துக்கொண்டார். ஒரு சொல்லின் பொருளெல்லை பிறழ்ந்ததால் நூற்றாண்டின் தலைசிறந்த கண்டுபிடிப்புகளுள் ஒன்று கைநழுவியது. பாடபேதத்தோடும் உரைவேறுபாட்டோடும் வாழும் எம்போன்றோருக்கு இது வியப்பூட்டுவதன்று. ஆறுதல் தருவதும் அன்று.

1965 இல் அதே அன்ரெனாவில் ஆர்னோ பென்சியாசும் றொபேட் வில்சனும், எத்திசையில் திருப்பினும் நீங்காத, ஏறத்தாழ 3.5 கெல்வின் அளவான மிகைக் கதிர்ப்பை அறிவித்தனர். செல்தோவிச் தயங்கவில்லை. மூன்றாண்டுகள் தாம் காத்த கொள்கையைக் கைவிட்டு, 1966 இல் ‘சூடான அண்டம்’ பற்றிய விரிவான ஆய்வுரையை வெளியிட்டு, அடுத்த இருபதாண்டுகளையும் அதற்கே அர்ப்பணித்தார். மேற்சொன்ன கட்டுரைத் தொகுதிகளிலும் குளிர் அண்டக் கருத்தின் வீழ்ச்சியை அவர் மறைக்கவில்லை. விமர்சனம், சுயவிமர்சனம் என்பவை எம்மிடையே எவ்வளவு தேய்ந்த சொற்கள் என்பதைக் கருதும்போது இதன் பெறுமதி விளங்கும். ஷ்தானோவ் காலத்துச் சுயவிமர்சனம், மேலிடத்தின் தீர்ப்பை ஒருவன் தன் வாயால் திருப்பிச் சொல்லும் சடங்கு. செல்தோவிச்சிடம் நாம் காண்பது வேறு. அவரைத் திருத்தியது குழுவொன்றின் தீர்மானமன்று, 7.35 சென்ரிமீற்றர் அலைநீளத்தில் வந்த கதிர்ப்பு. மனத்துக்குப் புறத்தே, மனத்தைச் சாராது, சடப்பொருள் உளது என்பது பொருள்முதல்வாதத்தின் முதற்படி. அதனை ஏற்றுக்கொண்டவன் அச்சடப்பொருளின் பதிலுக்காகக் காத்திருக்கவும் கடமைப்பட்டவன். பதிலை முன்கூட்டியே அறிந்தவனாகத் தன்னைக் கருதுபவன், எத்தனை முறை மார்க்சின் பெயரைக் கூறினும், கருத்துமுதல்வாதியே.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. ‘பெருவெடிப்பு’ என்று தமிழில் வழங்குவது, 1949 இல் பிரித்தானிய வானொலி உரையொன்றில் பிரெட் ஹொயில் வழங்கிய பெயரின் மொழிபெயர்ப்பு. ஹொயில் அக்கொள்கையின் எதிராளி. ஏற்கெனவே இருந்த வெற்றுவெளியின் ஒரு மூலையில் ஏதோ வெடித்தது என்ற பொய்ப்படிமத்தை இச்சொல் வாசகரின் மனத்திற் பதித்துவிடுகின்றது. வெடித்தலின் பௌதிகத்தை எவரைவிடவும் நன்கறிந்த செல்தோவிச் அண்டவியலில் விரும்பி ஆண்டது ‘சூடான அண்டம்’ என்பதனையே. பென்சியாசும் வில்சனும் கண்டதை ஆங்கிலத்தோர் ‘பின்னணிக் கதிர்ப்பு’ என்றனர். உருசியரோ யோசிப் ஷ்க்ளோவ்ஸ்கி இட்ட பெயரால் ‘எச்சக் கதிர்ப்பு’ என்றனர். முன்னைய சொல் ஒரு காட்சியைக் குறிக்கின்றது. பின்னையது ஒரு வரலாற்றைக் குறிக்கின்றது. அகழ்வில் கிடைக்கும் மட்பாண்ட ஓடுபோல, கடந்துபோன ஒரு நிலையின் மிச்சம் அது. அண்டத்தின் வயது ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகளாக இருந்தபோது, வெப்பநிலை 3,000 கெல்வின் அளவுக்கு இறங்கி, இலத்திரனும் புரோத்தனும் இணைந்து அணுவாகி, ஒளி தடையின்றி ஓடத் தொடங்கிய வேளையின் எச்சமே அது. அவ்விணைவு எவ்வாறு படிப்படியாக நிகழ்ந்தது என்பதை 1968 இல் செல்தோவிச்சும் கூர்த்தும் சுன்யாயெவும் ஒருபுறமும், அமெரிக்காவில் ஜேம்ஸ் பீபிள்ஸ் மறுபுறமும், தனித்தனியே கணித்தனர். தமிழிலே ‘எச்சக் கதிர்ப்பு’ என்பதே நிலைபெறுதல் நன்று என்பது எமது கருத்து.

எச்சத்தைக் கொண்டு ஆதியை அறியும் இம்முறையைச் செல்தோவிச் வேறு துறைகளுக்கும் விரித்தார். 1966 இல் கேர்ஷ்தெயினுடன் எழுதிய சிறு கட்டுரையில், ஆதி அண்டத்திலிருந்து எஞ்சிய நியூத்திரினோக்களின் எண்ணிக்கையைக் கணித்து, அவற்றின் திணிவு ஓர் எல்லைக்கு மேற்படின் அண்டத்தின் விரிவே வேறாக இருந்திருக்கும் என்று காட்டினார். மியூவோன் நியூத்திரினோவுக்கு ஆய்வுகூடங்கள் அன்று விட்டிருந்த எல்லை இதனாற் பல ஆயிரம் மடங்கு சுருங்கியது. அண்டம் ஏழையின் துணிக்கை முடுக்கி என்று அவர் கூறியதாக ஒரு வழக்கு உண்டு. கோடிக்கணக்கான பணத்தாற் கட்டப்படும் முடுக்கிகளும் எட்டமுடியாத சக்தியை ஆதி அண்டம் ஒருமுறை செலவிட்டுவிட்டது. அதன் கணக்கேட்டைப் படித்தாற் போதும் என்பது இதன் கருத்து.

விண்மீன்தொகுதிகள் எவ்வாறு தோன்றின என்ற வினாவில் அவருடைய வெற்றியும் தோல்வியும் பிரிக்கமுடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. 1970 இல் அவர் காட்டியது இது: ஆதி அண்டத்தின் சிறு அடர்த்தி வேறுபாடுகள் ஈர்ப்பினால் வளரும்போது, சடப்பொருள் எல்லாத் திசைகளிலும் சமமாகச் சுருங்காது, ஒரு திசையில் முந்திச் சுருங்கித் தட்டையான படலமாகும். உருசியர் தமது ‘பிளின்’ என்னும் பலகாரத்தின் பெயரை இதற்கு இட்டனர். தோசை என்று நாம் சொன்னாற் பொருள் கெடாது. இப்படலங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் இழைகளும் முடிச்சுகளும் தோன்ற, இடையே பெரும் வெறுமைகள் எஞ்சும். பெரிய படலம் முதலில் தோன்றி, அது உடைந்தே விண்மீன்தொகுதிகள் பிறந்தன என்றார் செல்தோவிச். சிறியவை முதலில் தோன்றிப் பெரியவையாகத் திரண்டன என்றார் பீபிள்ஸ்.

1980 இல் மொஸ்கோப் பரிசோதனையொன்று நியூத்திரினோவுக்கு ஏறத்தாழ 30 இலத்திரன்வோற்று திணிவு உண்டென அறிவித்தபோது செல்தோவிச்சின் கட்சி வென்றதாகவே தோன்றியது. அவ்வறிவிப்பு நிலைக்கவில்லை. நியூத்திரினோ மிகுந்த அண்டம் இன்று காணும் விண்மீன்தொகுதிகளின் பரம்பலைத் தராது என்பதும் 1983 இல் கணினிக் கணிப்புகளாற் புலனாயிற்று. வரிசைமுறை பற்றிய வாதத்தில் பீபிள்ஸ் வென்றார். 2019 இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் 1986 முதல் விண்மீன்தொகுதி அளவைகள் வரைந்துவரும் படத்தில் படலமும் இழையும் வெறுமையும் செல்தோவிச் சொன்னவாறே தெரிகின்றன. அவரை மறுத்த கணினிக் கணிப்புகளே தமது தொடக்க நிலையை அமைப்பதற்கு அவருடைய 1970 ஆம் ஆண்டின் தோராய முறையைக் கையாண்டு வந்துள்ளன. அவ்வேறுபாடுகளின் தொடக்க அளவு பற்றி அவர் 1972 இலும் அவருக்கு முன்னர் எட்வேட் ஹரிசன் 1970 இலும் முன்வைத்த எடுகோளின்படி, சிறிய அளவிலும் பெரிய அளவிலும் அவை சம வலிமை உடையன. பிளாங்க் விண்கலத்தின் அளவீட்டில் இதற்குரிய எண் 0.965 அளவில் அமைந்தது. சரியாக 1 அன்று. அச்சிறு விலகலை விளக்குவன, அண்டம் தன் முதற் கணத்தில் அதிவிரைவாக வீங்கியது என்னும் கொள்கைகள். அவற்றுள் மிக முற்பட்டது, அவருடைய மாணவர் அலெக்சேய் ஸ்தரொபின்ஸ்கி 1980 இல் அமைத்த மாதிரி.

இவ்வளவின் பின்னும், அண்டத்துக்குச் சூடான ஆதிநிலை ஒன்று இருந்தது என்பதையே மார்க்சியத்துக்கு விரோதமாகக் கருதுவோர் எம்மிடையே இல்லாமற் போகவில்லை. 1995 இல் அலன் வூட்சும் டெட் கிராண்டும் எழுதிய நூல் பெருவெடிப்புக் கொள்கையைச் சமயத்தின் மறுவடிவமாக நிராகரித்தது. எச்சக் கதிர்ப்பின் நிறமாலை 1990 இல் மிகத் துல்லியமாக அளக்கப்பட்டு, 1992 இல் அதன் நூறாயிரத்தில் ஒரு பங்கு அளவான ஏற்றத்தாழ்வுகளும் அறிவிக்கப்பட்டபின் வெளிவந்த நூல் அது. எங்கெல்சு காலவெளியின் முடிவின்மையைப் பற்றி எழுதியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பௌதிகத்தைக் கையிற்கொண்டு. சடப்பொருள் என்னும் மெய்யியல் வகையீடு வேறு, சடப்பொருளின் அமைப்புப் பற்றி அவ்வக் காலத்து அறிவியல் கூறுவது வேறு என்று லெனின் வேறுபடுத்தியதை, முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்களோடு வளர்ந்த வாசகர் நினைவிற் கொள்வர். எங்கெல்சின் முடிவை எங்கெல்சின் முறைக்கு எதிராக நிறுத்துவது பக்தி, மார்க்சியம் அன்று.

செல்தோவிச் இவ்வச்சத்தை அறியாதவர்போல் எழுதினார். 1967 இல் அவர், ஐன்ஸ்டைன் புகுத்திப் பின் கைவிட்ட அண்டவியல் மாறிலியை வெற்றிடத்தின் சக்தியாக விளக்கினார். சொட்டுப் பௌதிகத்தின்படி வெற்றிடம் வெறுமையன்று. அதற்கும் சக்தி உண்டு. அச்சக்தி ஈர்ப்பைத் தோற்றுவிக்கும். 1981 இல் இதனினும் துணிந்து, மூடிய அண்டத்தின் மொத்தச் சக்தி பூச்சியமாகையால், சொட்டுப் பௌதிக முறையில் அது தானாகவே தோன்றுவதைக் காப்பு விதி எதுவும் தடுக்காது என்று ஆராய்ந்தார். ‘இன்மையிலிருந்து படைப்பு’ என்று ஆத்திகர் மகிழ்வதற்கும் நாத்திகர் பதறுவதற்கும் இதில் இடமில்லை. விதிகளுக்கு உட்பட்டது எதுவோ அது இன்மை அன்று. இக்கருத்து இன்றும் கருதுகோளாகவே உள்ளது. வெற்றிடச் சக்தியின் கதையோ வேறு. செல்தோவிச் 1987 திசெம்பர் 2 இல் மொஸ்கோவில் மறைந்தபோது அம்மாறிலி பூச்சியமே எனப் பெரும்பாலோர் நம்பினர். 1998 இல் தொலைதூர விண்மீன் வெடிப்புகளை ஆராய்ந்த இரு குழுக்கள் அண்டத்தின் விரிவு வேகங்கொள்வதைக் கண்டன. அண்டத்தின் சக்தியில் ஏறத்தாழ 70 வீதம் இவ்வேகத்துக்குக் காரணமான கூறாகக் கணிக்கப்படுகின்றது. அவர் வகுத்த வழியில் வெற்றிடச் சக்தியைக் கணித்தால் வரும் எண்ணோ அளவிடப்பட்டதைவிட ஏறக்குறைய 120 தானங்கள் பெரிது. இவ்விடைவெளிக்கு மொஸ்கோவிலோ மேற்கிலோ எவரிடமும் விடை இல்லை.